டிரம்பெட்டுக்குத் தகுந்த எண்ணெய்

எங்கள் ஜீவனஹள்ளி வீட்டுக்கு அந்த டிரம்பெட்காரர் முதன்முதலாக வந்ததற்குக் காரணம் தேங்காய் எண்ணெய். தொண்ணூறுகளில் ஒரு டிசம்பர். விவேக் நகர் பக்கம் சர்ச் பேண்டில் வாசிப்பவர், வால்வுகள் இறுகுகின்றனவே என்று தலைக்குத் தடவும் எண்ணெயையே ஊற்றிவிட்டார். பெங்களூர்க் குளிரில் அது உறைந்துபோய், அழுத்திய வால்வு மேலே எழும்ப மறுத்துவிட்டது. கிறிஸ்துமஸோ நெருங்கிக்கொண்டிருந்தது. கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் அத்தையிடம் நல்ல ஆயில் இருக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாதவள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வால்வுகளைக் கழற்றித் துடைத்தாள். எனக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. "வாட்ச்சுக்குப் போடற ஆயிலையே போட்டா என்ன அத்தை?" என்றேன்.

"அது வெச்ச எடத்துலயே நிக்கணும் கண்ணு. இது ஓடணும். ஓடற ஆயில் சீக்கிரம் காஞ்சிடும், திரும்பத் திரும்பப் போடணும்."

தையல் மெஷின் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து பார்த்தாள். கெட்டியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டாள். வால்வு துள்ளி எழுந்தது.

கிறிஸ்துமஸ் போய்ப் பொங்கலும் போனது. ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் அவர் வந்துவிடுவார். எங்கள் கூடத்து முருகன் படத்துக்குக் கீழே, கழுத்தில் சிலுவையோடு உட்கார்ந்திருப்பார். அத்தை இங்க் ஃபில்லரில் நாலு சொட்டு மட்டும் கொடுப்பாள். ஒரு பாட்டில் நிறையக் கலந்து கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "அவ்ளோ கலந்தா கெட்டுப்போயிடும்டி" என்றாள். மண்ணெண்ணெய் எப்படிக் கெடும் என்று யோசித்து எனக்கு மண்டை காய்ந்தது.

வீட்டுக்கு வருகிறவர்களை அங்கிள் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஒரு ஞாயிறு அவரை வாசலில் பார்த்ததும், என்ன தோன்றியதோ, "அத்தை, மாமா வந்துட்டார்!" என்று கத்திவிட்டேன். அத்தை என்னைத் திருத்தவில்லை. வெட்கப்பட்டு உள்ளே ஓடினாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

அடுத்த வாரம் அப்பாவே வாசலுக்குப் போய், "வாங்க தம்பி" என்று அவரை அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். காபி கொண்டுவரச் சொன்னார். வாத்தியக் கடையில் வாங்கிய பெரிய ஆயில் பாட்டிலை அவர் கையில் கொடுத்தார்.

"ஃபாரின் ஆயில். ரொம்ப நாளைக்கு வரும். இனிமே இதுக்காக நீங்க இவ்ளோ தூரம் அலைய வேணாம்."

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப தேங்க்ஸ்ண்ணா" என்றார். காபியைப் பாதியில் வைத்துவிட்டார். கதவோரம் அத்தை ஃபில்லரும் கையுமாக நின்றிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. எனக்கோ அப்பாவை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. தெருப் பிள்ளைகளிடமெல்லாம் ஃபாரின் ஆயில் கதையைச் சொல்லித் தீர்த்தபின், சாப்பிடாமல் படுத்திருந்த அத்தையிடமே போய்க் கேட்டேன்:

"அப்பா எவ்ளோ நல்லவர், இல்ல அத்தை?"

"ஆமாண்டி கண்ணு" என்றாள் அத்தை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு. "ரொம்ப நல்லவர்."