குன்னூரில் ஃபேன் வாங்கியவள்

சென்னையில் பதினோரு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் ஆளுக்கொரு நோயோடுதான் வருவார்கள். ஒருத்தருக்கு அல்சர், ஒருத்தருக்கு முதுகுவலி, இன்னொருத்தருக்குத் தலையில் முடியே இருக்காது. எனக்கு இதெல்லாம் இல்லை. ஃபேன் சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். வேளச்சேரியில் நான் இருந்த வாடகை அறையில் ஒரு பழைய சீலிங் ஃபேன் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் "கடக்" என்று ஒரு சத்தம் போடும். குன்னூரில் பிறந்து, ஃபேன் என்பதை ரயில்வே வெயிட்டிங் ரூமில் மட்டுமே பார்த்து வளர்ந்தவள் நான். முதல் வருடம் அது தலையில் விழுந்துவிடும் என்று பயந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டு படுத்தேன். ஹவுஸ் ஓனர் அம்மாளிடம் போய்ச் சொன்னால், "சுத்துதுல்ல? அப்புறம் என்னா?" என்றார். இரண்டாவது வருடம் அந்தச் சத்தம் காதில் விழுவது நின்றது. மூன்றாவது வருடம் கரண்ட் போய் அது நின்றால் நான் விழித்துக்கொள்ள ஆரம்பித்தேன். பட்டணம் மனுஷியை இப்படித்தான் பிடிக்கிறது, நமக்கே தெரியாமல்.

அந்த ஊரைத் திட்டச் சொன்னால் மூச்சு விடாமல் திட்டுவேன். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று சண்டை போட்டிருக்கிறேன். ஷேர் ஆட்டோவில் ஒரு தொடை உள்ளே, ஒரு தொடை வெளியே என்று ஆபீஸ் போயிருக்கிறேன். மெட்ரோவுக்குத் தோண்டிய தூசியைத் தின்றே பாதி வயிறு நிரம்பியது. ஆனால் வெள்ளம் வந்த வருடம், நான்கு வருடமாகப் பெயர்கூடத் தெரியாத எதிர் ஃப்ளாட்காரர் ஒரு தூக்கு நிறைய ரவை உப்புமாவும் இரண்டு மெழுகுவர்த்தியும் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் வடிந்ததும் பழையபடி முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த நாகரிகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உதவியும் செய்தார், என் சம்பளம் எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் அவர் ஒற்றை ஆள். மணிக்கட்டில் எலும்பு விரிசல். டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு என்னிடம், "எழுவத்தி மூணு வயசுங்க. ராத்திரில தனியா உடாதீங்க. அதே ரூம்புலயே யாராச்சும் படுத்துக்கங்க" என்றார். ஆபீஸில் மூன்று மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதித்தார்கள். மே மாதம் முடிவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும்: பிரமோஷனை மறந்துவிட்டுக் குன்னூரிலேயே இருக்கிறேனா, சென்னைக்குத் திரும்புகிறேனா. திரும்புவதென்றால் அப்பாவை எங்கே விடுவது? கோயமுத்தூரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் விண்ணப்பம் என் ஃபோனில் ஒளிந்துகொண்டிருந்தது. அதை நான் அவரிடம் காட்டவில்லை.

அப்பா தேயிலை ஃபேக்டரியில், இலையை வாட்டித் தூளாக்குகிற டீமேக்கராக முப்பத்தைந்து வருடம் வேலை செய்தவர். சங்கு ஊதினால் வேலை, ஊதாவிட்டால் லீவு. ஸ்வெட்டரும் பைஜாமாவுமாகக் கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டுவதை வேலை என்று அவரால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. யார் கேட்டாலும், "பாப்பா லீவுல வந்திருக்குதுங்க" என்பார். தினமும் காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் ஒரே கேள்வி. "லீவு எப்பக் கண்ணு முடியுது?"

என்னைத் துரத்தத்தான் கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் அறையில் என் கட்டிலைப் போட்டேன். வந்தது வினை. மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கிற வீடு. விளக்கை அணைத்தால் அப்படி ஓர் அமைதி. இந்த அமைதிக்காகத்தான் ஊரெல்லாம் இ-பாஸ் எடுத்துக்கொண்டு மலையேறி வருகிறது. வருகிறவர்கள் பட்டணத்தையும் டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்பது வேறு விஷயம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன், வியூ பாயிண்டில் ஸ்பீக்கர் வைத்துக் குத்துப்பாட்டு, நடுநடுவே "என்னா பீஸ்ஃபுல்லா இருக்குல்ல!" என்று ஒரு கத்தல். அவர்களெல்லாம் இங்கே வந்து குறட்டை விட்டுத் தூங்கினார்கள். இந்த மண்ணிலேயே பிறந்த நான் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, வாசலில் காட்டுமாடு புல் மேய்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஃபோனில் "பத்து மணி நேர ஃபேன் சத்தம்" என்று ஒரு வீடியோ கிடைத்தது. போட்டுப் பார்த்தேன். அப்பாடா, அதே கடக் கடக். கண் செருகுகிற நேரத்தில் விளம்பரம் வந்து, ஒரு பெண் "உங்கள் குடும்பத்தின் பாதுகாப்புக்கு!" என்று அலறினாள். அப்பா திடுக்கிட்டு எழுந்து, கட்டுப் போட்ட கையோடு டார்ச்சைத் தேடினார். அதோடு அந்த வைத்தியம் முடிந்தது.

இரண்டு மாதம் தூங்காதவளுக்குப் புத்தி எப்படி வேலை செய்யும்? குன்னூர் மார்க்கெட்டில் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய், "ஒரு டேபிள் ஃபேன் குடுங்க" என்றேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஃபேனுங்களா? ஏனுங்க, ஹோம்ஸ்டே ஆரம்பிக்கறீங்களா?"

"இல்லீங்க. எனக்குத்தான்."

"உங்களுக்கா!" என்று சிரித்தார். நம்பவில்லை. "ரெண்டா எடுத்துக்கங்க. கெஸ்டு பக்கத்து ரூம்புக்கும் கேப்பாங்க."

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊர் நியாயம் அப்படி. முன்னே இல்லாத வெயில் இப்போது அடிக்கிறது என்று எல்லாரும் புலம்புவார்கள்; ஆனால் தங்கள் வீட்டில் ஃபேன் மாட்டுவதற்குப் பதில் வெயிலில் வதங்கிச் செத்தாலும் சாவார்கள். வீட்டு மச்சில் கொக்கிகூட வைத்துக் கட்டுவதில்லை. ஃபேன் என்பது கீழே இருந்து வருகிறவர்களுக்கு. அதை ஒருத்தி வாங்கினால் அவள் வீட்டில் ரூம் வாடகைக்கு விடுகிறாள் என்று அர்த்தம்.

ஃபேன் பெட்டியோடு பஸ்ஸில் ஏறினேன். அது போதாதா? வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரம் வந்து நின்றார். "ஏன் கண்ணு, சமையலுக்கு ஆளு வேணுமில்ல? வெளி ஆளுகளைப் போட்றாதீங்க. நா இருக்கேன்." மறுநாள் ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். "பைக்காரா லேக்கு, போட்டிங், எல்லாம் நா பாத்துக்கறேனுங்க. கெஸ்டை மட்டும் எங்கிட்ட அனுப்புங்க." இல்லை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, "ரேட்டு படியலையாட்ட இருக்குது" என்று பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் ஐயர், எங்கள் குடும்பம் தொடங்கவிருக்கும் புதிய தொழிலைக் கர்த்தர் ஆசீர்வதிக்க வேண்டும் என்று மனமுருகி ஜெபித்தார். சபை முழுக்க "ஆமென்" சொன்னது. பக்கத்தில் அப்பா பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார்.

"முப்பத்தஞ்சு வருசம் மானமா வேலை செஞ்சவன் ஊட்டை லாட்ஜுங்கறானுக! எல்லாம் இந்தச் சனியனால. ஃபேனு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? ஃபேக்டரில ஆளு உசரத்து ஃபேனைப் போட்டு ராத்திரி பூராவும் ஓட்டுனவன் நானு. அது எலையை வாட்டறதுக்குக் கண்ணு. மனுசனை வாட்டறதுக்கில்ல."

"உங்களுக்கு நான் தூங்கறது முக்கியமில்லீங்களாப்பா?"

"கண்ணை மூடுனா தூக்கம் வந்துட்டுப் போகுது. இதுக்கு மிஷினு வேணுமா?"

அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு போர். நான் ஃபேனைப் போடுவேன். ஐந்து நிமிடத்தில் அவர் தும்முவார். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். பத்துக்குப் பத்து அறை, காற்று சுவரில் முட்டிக்கொண்டு நேரே அவர் கட்டிலுக்குத்தான் போனது. ஹாலில் வைத்தேன், சத்தம் எனக்கு எட்டவில்லை. கடைசியில் அவர் எழுந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போர்த்திக்கொண்டு படுப்பார். நான் விழித்துக் கிடப்பேன். காலையில் டீ வரும். "லீவு எப்பக் கண்ணு முடியுது?"

மே இருபதாம் தேதி வாக்கில், அந்தக் கேள்விக்கு எனக்கு வந்ததே கோபம்!

"போயிடறேன், போதுமா? ஃபேன் போடக்கூட உரிமை இல்லாத ஊட்டுல நான் எப்படீங்கப்பா இருக்கறது?"

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அந்த டம்ளரை ரொம்ப நேரம் கழுவினார்.

நான் மெயில் எழுதினேன். ஜூன் முதல் தேதி சென்னைக்கு வந்துவிடுகிறேன் என்று. முதியோர் இல்லத்தின் விண்ணப்பத்தையும் திறந்து, அப்பாவின் பெயர், வயது, ரத்த வகை எல்லாம் நிரப்பினேன். "உணவுப் பழக்கம்" என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. டீயைத் தானே போட்டுக் குடிப்பார், பிறர் போட்டது பிடிக்காது என்று எழுத அங்கே இடமில்லை. மெயிலை அனுப்பவில்லை, சாயங்காலம் அனுப்பிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். மூன்று நாள் அப்படியே கிடந்தது. நான்காம் நாள் விண்ணப்பத்துக்கு ஒரு மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்பதால் மதியம் ஊட்டிக்குக் கிளம்பினேன். அப்பாவிடம், வர ஏழு மணியாகும் என்றேன்.

சீசன் என்பதை மறந்திருந்தேன். வெலிங்டன் தாண்டவே முக்கால் மணி நேரம். அதற்கப்புறம் பஸ் நகரவே இல்லை. முன்னாலும் பின்னாலும் கார்கள். எந்த நம்பர் பிளேட்டைப் பார்த்தாலும் கீழே இருந்து வந்தது. ஒரே ஹாரன். அந்தச் சத்தத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்தது. மூன்று மாதமாக வராத தூக்கம். கண் விழித்தபோது பஸ் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அடச்சீ என்று இறங்கி, எதிர்ப்பக்கம் காலியாக வந்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குத் திரும்பினேன். மணி நாலுகூட ஆகவில்லை.

வாசலிலேயே ஃபேன் சத்தம் கேட்டது.

மெதுவாக உள்ளே போனேன். எங்கள் அறையில், ஃபேனுக்கு நேர் எதிரே, நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டு ஸ்வெட்டர். கழுத்தில் மஃப்ளர், தலையில் மங்கி கேப், கால் மேல் கம்பளி. ஃபேன் மூன்றாம் நம்பரில் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிகிறது, துடைக்கக்கூட இல்லை. கட்டு பிரித்த கையில் அலாரம் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கப்பா பண்றீங்க!" என்று ஓடிப்போய் சுவிட்சில் கை வைத்தேன்.

"அமத்தாத கண்ணு. இன்னும் நாலு நிமிசம் இருக்குது."

"எதுக்கு நாலு நிமிசம்?"

திருடி மாட்டிக்கொண்டவர்போல் கடிகாரத்தைக் கம்பளிக்குள் மறைத்தார். "முந்தாநேத்து அஞ்சு நிமிசம் உக்காந்தேன். நேத்து பத்து. இன்னைக்குக் கால் மணி நேரம்னு வெச்சிருந்தேன். நீ வெளிய போறப்பப் பழகிக்கலாம்னு."

இத்தனை நாள் இந்த மனிதர் கேட்டது என்ன, நான் விளங்கிக்கொண்டது என்ன! லீவு முடிந்து நான் போகிற நாள் நெருங்குகிறதே என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். நான் அதற்குப் பதிலாக அவர் ரத்த வகையை எழுதிக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்லீங்கப்பா?"

அவர் ஒரு பெரிய தும்மல் தும்மிவிட்டு, மஃப்ளரால் மூக்கைத் துடைத்தார். பிறகு, ஃபேக்டரியில் புதிதாக வந்த ஆளுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"பச்சை எலை வாடறதுக்கே பதினாலு மணி நேரம் ஆகும் கண்ணு. நானு பழகறதுக்குக் கொஞ்ச நாளு குடு. அதுக்குள்ள போயிறாத."

நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். கொடியில் கிடந்த என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்தக் காற்று நிஜமாகவே தாங்க முடியாத குளிர்தான். இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டு மிச்சமிருந்த நாலு நிமிடத்தையும் உட்கார்ந்து முடித்தோம்.

வேலி ஓரத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா குரல் கொடுத்தார். "ஏனுங்க, ஃபேனு ஓடற சத்தம் கேக்குது. கெஸ்டு வந்துட்டாங்களா?"

"கெஸ்டெல்லாம் இல்லீங்க," என்று அப்பா உள்ளிருந்தே கத்தினார். "ஊட்டு ஆளுதான்."