வில்சனின் தோளும் என் இரண்டாவது அச்சும்

1. கிழிந்த காகிதம்

ஒரு திங்கட்கிழமை காலை வில்சன் என்ற பெரியவர், குண்டு துளைத்த காகிதம் ஒன்றை என் மேசையில் விரித்தார். வட்டத் துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் நீள நீளமாகக் கிழிசல்கள். நான் வெட்டிக் கொடுத்த அச்சில் அவர் வார்த்த குண்டுகள் நேராகப் பறக்காமல் புரண்டு போயிருக்கின்றன. மனிதர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தெற்கு லண்டனில், சட்டன் என்ற இடத்தில், பாலா அண்ணையின் சிறிய பட்டறையில் அது எனக்கு மூன்றாவது வருடம். அண்ணை ஜெர்மனியில் லேத் வேலை பழகி லண்டனுக்கு வந்தவர். கிளப்புகளில் காகிதக் குறியைச் சுடுகிறவர்களில் சிலர் தங்கள் ஈயக் குண்டுகளைத் தாங்களே வார்ப்பார்கள். அதற்கான அலுமினிய அச்சை, அவரவர் துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்கு, பொருந்த மில்லிங் மெஷினில் வெட்டிக் கொடுப்போம். வீட்டில் என் மனைவி ரஞ்சியிடம், மீன் தூண்டிலுக்கு ஈயக்கட்டி வார்க்கிற அச்சு என்று சொல்லியிருந்தேன். அவளுடைய அண்ணன் ஊரில் சண்டைக்காலத்தில் துவக்குச் சூடு பட்டுச் செத்தவர். தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டால், ரஞ்சி குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். அவளிடம் எந்த வாயால் சொல்வது?

வில்சனுக்கு எண்பது வயதிருக்கும். துவக்கு அவருடைய தாத்தாவினது. முதன்முறை வந்தபோது அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"தோள் இனித் தாங்காது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். பாரம் குறைஞ்ச குண்டெண்டால் துவக்கின்ரை உதையும் குறையும். மனுசி செத்துப்போன பிறகு, ஞாயிற்றுக்கிழமையில எனக்கு ஆக்கள் எண்டு இருக்கிறது அந்த கிளப்தான். சுட ஏலாட்டி அங்க போய் என்ன செய்யிறது?"

அதற்காகத்தான் குட்டையான, பாரம் குறைந்த வடிவத்தைத் தெரிவு செய்தேன். பாரத்தில் பிழையில்லை. பருமனில் கோட்டைவிட்டிருந்தேன்.

2. தொடாமல் விட்டது

பாலா அண்ணை காகிதத்தைக் கண்டதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"துவக்கின்ரை பேரலை அளந்தனியோ?"

"துவக்கில நம்பர் அடிச்சிருக்குத்தானே அண்ணை."

"அது செய்தவன் அடிச்ச நம்பர். பிறகு உள்ளுக்கு எவ்வளவு தேஞ்சிருக்கும்! குண்டு இறுகாட்டிப் புரளத்தானே செய்யும். ஏன்ராப்பா அளக்கேல்லை?"

உண்மையைச் சொன்னேன். "தொட மனம் வரேல்லை அண்ணை. அவரைப் பிடிக்கச் சொல்லிப்போட்டு, தள்ளி நிண்டு நம்பரை வாசிச்சனான்."

ஏச வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். அவரும் என்னைப்போல் சண்டைக்குத் தப்பி ஊரை விட்டு ஓடி வந்தவர்தானே. "சரி. நான் பக்கத்தில நிக்கிறன். இண்டைக்கு நீயே அள."

வில்சன் கையோடு கொண்டுவந்திருந்த துவக்கு வெறுமையாக இருப்பதை இரண்டு தரம் திறந்து காட்டினார். மென்மையான ஈயத் துண்டு ஒன்றுக்கு எண்ணெய் பூசி, பேரலின் ஒரு பக்கத்தால் விட்டு, கோலால் மெல்லத் தட்டி மறுபக்கத்தால் எடுக்க வேண்டும். உள்ளே சுருளாக ஓடுகிற தவாளிப்புகள், குண்டைச் சுழற்றுகிற அந்தப் பள்ளக் கோடுகள், ஈயத்தில் பதிந்து வரும். பேரலைப் பிடித்த என் கை நடுங்கியது. வில்சன் கிட்ட வந்தார். தன் கையை என் கைக்கு மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையும் நடுங்கியது, வயதால். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மைக்ரோமீட்டரில் பார்த்தால், அடித்திருந்த நம்பரைவிடப் பேரல் நான்கு தௌ அகலம். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு தௌ. குண்டு தவாளிப்பை இறுக்கிப் பிடிக்க இன்னும் ஒரு தௌ கூட்டி, இரண்டாவது அச்சை வெட்டினேன்.

3. ஜாக்கெட் பை

சில வாரம் கழித்து வில்சன் புதிய காகிதம் கொண்டுவந்தார். ஐந்து வட்டத் துளைகள், ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடிவிடலாம். "இது உனக்கு," என்று தந்துவிட்டுப் போனார். மடித்து ஜாக்கெட் பைக்குள் வைத்தேன், மறந்தும் போனேன். துவைக்க எடுத்த ரஞ்சியின் கையில் அது அகப்பட்டது.

"இது என்னப்பா?"

இன்னொரு பொய்க்கு வாய் வரவில்லை. அச்சு, குண்டு, வில்சன், அவருடைய தோள், ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் குழாயைத் திறக்கப் போவாள் என்று பார்த்திருந்தேன். போகவில்லை. துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள்.

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீர் தாங்கமாட்டீர் எண்டு நினைச்சன்."

"என்னைக் கேட்டனீங்களோ?"

இப்போது பட்டறையில் என்னிடம் அச்சுத் தெரிவு செய்யப் பழகுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வெளியில் அடித்திருக்கிற நம்பரை வைத்து வெட்டாதீர்கள், பேரலைக் கையால் பிடித்து அளந்து பாருங்கள். பயமாக இருந்தால் யாரையாவது பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். ரஞ்சியின் மனதை மூன்று வருடமாக அளக்காமலே இருந்தவன் சொல்கிறேன்.

அன்றைக்கு அவள் கொஞ்சநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தின் மடிப்பை நீவியபடி கேட்டாள்:

"அந்த ஐயாவுக்கு இப்ப தோள் நோகேல்லையாமோ?"