புளியரை ஏற்றம்

தென்காசி வட்டாரத்தில் பெட்ரோல் இன்ஜினைப் பிரித்துச் சேர்க்க வேண்டுமென்றால் ஆவுடைநாயகத்திடம்தான் போவார்கள். முப்பத்திரண்டு வருஷமாக இலஞ்சி விலக்கில் அவருக்கு ஒர்க்ஷாப். தீப்பொறி விழும் டைமிங்கை வைப்பதற்கு லைட், மீட்டர் என்று எதையும் கையில் எடுக்க மாட்டார். வண்டியை ஏற்றத்தில் விட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். இறங்கி டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பி இறுக்குவார். அத்தோடு சரி.

போன ஆனியில் கீழப்பாவூர் பாண்டிராஜின் பழைய எஸ்டீம் வந்தது. பாண்டிராஜ் போலீஸ்காரர், கார்ப் பைத்தியம். வண்டி இன்னும் இழுக்கும்படி கம்ப்ரஷனைக் கூட்டித் தரச் சொல்லியிருந்தார். ஆவுடைநாயகம் ஹெட்டைச் சீவி, புது பிஸ்டன் போட்டு, ஒரு மாதம் மெனக்கெட்டு இன்ஜினைச் சேர்த்தார். புது ரிங் சிலிண்டரோடு படியும்வரை ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது. அழுத்தி ஓட்டி, காலை எடுத்து, மறுபடி அழுத்த வேண்டும். தினமும் காலையில் ஆலங்குளம் வரை அப்படிப் போய்த் திரும்பினார். முதல் ஐம்பது கிலோமீட்டரில் ஆயிலை மாற்றித் துணியில் வடித்துப் பார்த்தபோது இரும்புத்தூள் மினுங்கியது. ஐநூறில் வடித்தபோது துணி சுத்தமாக இருந்தது. இனி டைமிங் மட்டும்தான்.

அன்றைக்கு மனைவி இசக்கிச்செல்விக்குப் புளியரையில் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஏற்றமும் அங்கேதான் இருக்கிறது என்று அவளையும் ஏற்றிக்கொண்டார். சாரல் விட்டிருந்தது. தங்கச்சி வீட்டுக்குப் போகும் முன்னால் மலைப்பாதையில் ஒரு நடை ஏறிப் பார்த்துவிடலாம் என்று மூன்றாவது கியரில் அழுத்தினார். வண்டி ஜம்மென்று இழுத்தது. அவருக்கே சிரிப்பு வந்தது.

"என்னது, டப்பாக்குள்ள கல்லைப் போட்டுக் குலுக்குன மாதிரி சத்தம் வருது?" என்றாள் செல்வி.

"எங்கன?"

"முன்னாலதான். ஒங்களுக்குக் கேக்கலையா?"

அவருக்குக் கேட்கவில்லை. சைலன்சர் கேட்டது, காற்று கேட்டது, பின்னால் வந்த கேரள பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, டைமிங்கைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினார். மறுபடி ஏறினார். "இப்ப இல்ல," என்றாள். கீழே இறங்கி, வேண்டுமென்றே டைமிங்கை முன்னுக்கு வைத்து ஏறினார். "இப்ப கேக்குது. நல்லாவே கேக்குது." இப்படி மாற்றி மாற்றி வைத்து நாலு தடவை ஏறி இறங்கினார். நாலு தடவையும் அவள் சொன்னது சரியாக இருந்தது. நாலு தடவையும் அவர் காதில் ஒன்றும் விழவில்லை.

தீப்பொறி முந்தி விழுந்தால் பிஸ்டன் தலையில் அடி விழும். அந்த அடிதான் அவள் கேட்டது. அப்படியே ஓடவிட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். இது அவருக்குத் தெரியாததில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தவருக்குப் பரீதின் முகம் நினைவுக்கு வந்தது.

வடகரைப் பரீது குற்றாலத்தில் டாக்ஸி ஓட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய ஆம்னி வேனுக்கும் இவர்தான் இன்ஜின் செய்து, மலை ஏறுவதற்கென்று கம்ப்ரஷன் கூட்டிக் கொடுத்தார். எடுத்துப்போன மூன்றாம் நாளே வந்து நின்றான். "கிணுகிணுன்னு ஒரு சத்தம் வருது அண்ணாச்சி."

"எனக்குக் கேக்காத சத்தம் ஒனக்குக் கேக்குதோ?" என்று திருப்பி அனுப்பினார்.

மறுவாரம் ஆரியங்காவு ஏற்றத்தில், சவாரியோடு வண்டி நின்றுபோனது. ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு, குற்றாலம் ஸ்டாண்டில் அத்தனை டிரைவர்களுக்கு முன்னால் இவர் சொன்னார்: "ஏத்தத்துல டாப் கியர் போட்டு நசுக்கியிருக்கான். வண்டி ஓட்டத் தெரியாதவன்லாம் டாக்ஸி வச்சிருக்கான்."

"நான் செகண்ட்லதான் ஏத்துனேன் அண்ணாச்சி," என்று ஒரே ஒரு தடவை சொன்னான் பரீது. யாரும் நம்பவில்லை. அதன்பிறகு லாட்ஜுக்காரர்கள் அவனைச் சவாரிக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வேனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சவூதிக்கு, தம்மாமில் தண்ணி லாரி ஓட்டப் போனான்.

தங்கச்சி வீட்டுக்குப் போகாமலே திரும்பிவிட்டார்கள்.

நாலு நாள் அவர் ஒர்க்ஷாப்பைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் செல்வியோடு வடகரைக்குப் போனார். பரீதின் மனைவி நஸீபா கதவைத் திறந்து, நாற்காலி எடுத்துப் போட்டாள். வந்த விஷயத்தைச் சொன்னார். அவள் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். ஸ்கிரீனில் பரீது இளைத்திருந்தான்.

"தப்பு எம்மேலடே. எனக்குக் காது போயிருச்சு. ஒன் வண்டிய நாந்தான் கெடுத்தேன்."

அவன் ஏதோ சொன்னான். போனில் அவன் குரல் இவருக்கு முனகலாகத்தான் வந்தது. நஸீபாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஸ்டாண்டுல நாலு பேரு முன்னால சொன்னீயளே, அதே மாதிரி இதையும் அங்கன சொல்லணும்னு சொல்லுதாவ."

மறுநாளே ஸ்டாண்டுக்குப் போனார். சீசன் கூட்டம். பழைய டிரைவர்கள் ஆறேழு பேர்தான் தேறினார்கள். மீதிப் பேர் புதுசு. சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்துபோனது அவருக்கே தெரியவில்லை. குளிக்க வந்த சனம் திரும்பிப் பார்த்தது. "எப்பவோ நடந்தது, விடுங்க அண்ணாச்சி," என்றார் ஒரு டிரைவர். இன்னொருவர், "அவன் நல்ல டிரைவர்தான்," என்றார்.

எஸ்டீமைச் செல்வியை உட்கார வைத்து டைமிங் பார்த்து முடித்து, பாண்டிராஜிடம் சாவியைக் கொடுத்தார். திருநெல்வேலியில் காதுக்கு மிஷின் வைத்தார்கள். பேச்சு தெளிவாகக் கேட்கிறது. புளியரை ஏற்றத்தில் அந்தச் சத்தம் மட்டும் இன்னமும் கேட்கவில்லை. இப்போது பிரேக், கிளட்ச் வேலைதான் எடுக்கிறார்.

ஆவணியில் ஒருநாள் தென்காசிச் சந்தையில் நஸீபாவைப் பார்த்தார். "ஸ்டாண்டுல நான் பேசினதச் சொன்னியாம்மா அவன்கிட்ட?"

"சொன்னேன் அண்ணாச்சி. கேட்டுக்கிட்டாவ. பெறவு பிள்ளைக படிப்பப் பத்திப் பேசினாவ," என்று சொல்லிவிட்டு, அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.