சேவலுக்கு ஒரு நோட்டீஸ்

இத்தாலியின் மோதெனா நகரில் நான் காலையில் காப்பி குடிக்கும் கடையில், தெருவில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு போனால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சத்தம் தேய்ந்து மறைந்ததும் ஒருவர், "பன்னிரண்டு சிலிண்டர்" என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஏழு வருடமாகப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்து மௌன அஞ்சலி போலத்தான் இருக்கிறது. மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் இப்படி மரியாதை செய்தால், ஆயுசுக்கும் ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாது.

எனக்குச் சோறு போடுவதும் இந்தப் பக்திதான். அப்படிக் கார் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தின் சின்னத்தைக் காவல் காப்பது என் வேலை. மஞ்சள் வட்டத்துக்குள் சிவப்புச் சேவல். அதை யாராவது அனுமதியில்லாமல் தொப்பியிலோ சாவிக்கொத்திலோ போட்டால் நோட்டீஸ் அனுப்புவேன். நிறுவனரின் கிழிந்த கோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். கேட்டால் 'பாத்ரிமோனியோ' என்பார்கள், பாரம்பரியச் சொத்தாம். என் அப்பா மில்லுக்குப் போட்டுப்போன காக்கிச் சட்டை அடுப்படித் துணியாகி, பிறகு சைக்கிள் துடைத்தே தீர்ந்தது.

போன விடுமுறையில் திருநகர் போனேன். எங்கள் வீட்டு முன்பக்கத்தில் தங்கையின் கணவர் செல்வம் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். புதுப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தார். மஞ்சள் வட்டம், சிவப்புச் சேவல், பக்கத்தில் ஒரு வேல்.

"என்ன மாப்ள இது?"

"ஒங்க கம்பெனிதான் மச்சான். வேல் மட்டும் நாஞ் சேத்தது. திருப்பரங்குன்றம் போறவுக நின்னு கும்பிட்டுப் போறாக."

சிரித்துக்கொண்டே படம் எடுத்தேன். மோதெனா திரும்பியதும் அலுவலகத் தோழியிடம் காட்டினேன். பின்னால் நின்ற மேலாளர் மார்க்கோவும் பார்த்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. சேவல் முருகனின் கொடி, உங்கள் நிறுவனர் பிறப்பதற்கு முன்பே எங்கள் ஊரில் இருக்கிறது என்றேன். கவனமாகக் கேட்டவர், "அவர் எந்த நாட்டில் பதிவு செய்திருக்கிறார்?" என்று குறிப்பேட்டைத் திறந்தார். முருகன் யாரென்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு அடுத்த கூட்டம் வந்துவிட்டது. "நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதம்தான் என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். வேலை போனால் விசாவும் போகும். முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு யோசிக்காமல் எழுதிய நோட்டீஸ்தான். அன்று செல்வத்தின் பெயரைத் தட்டச்சு செய்து, அழித்து, மறுபடியும் தட்டச்சு செய்தேன். பிறகு கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

கடிதம் போய்ச் சேர்ந்த அன்று தங்கை கூப்பிட்டாள். "அண்ணே, அவரு மேல கேசு போடப் போறியா? நீ அங்க வேல பாக்குறேன்னுதான அம்புட்டு ஆசையா வரைய வச்சாரு."

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் என் போனை எடுக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் மிகை. பாஸ்தா எப்போதும் எனக்கு அப்படித்தான். ஆனால் தூக்கம் போய்விட்டது.

பதினோராம் நாள் செல்வமே பேசினார்.

"மச்சான், சேவல அழிச்சாச்சு. மயில் போட்டுட்டேன். அதுக்கு ஒங்காளுக வர மாட்டாகள்ல?"

"வர மாட்டாக மாப்ள. மன்னிச்சுக்கங்க."

"அட விடுங்க. அந்த லெட்டர லேமினேட் பண்ணிக் கடையில மாட்டிருக்கேன். இத்தாலிலருந்து நம்ம பட்டறைக்கு லெட்டர் வந்திருக்குன்னு ஏரியாவே வந்து பாக்குது. ஒங்க தங்கச்சி சிரிச்சுட்டா. இப்பக் கூப்புடுங்க, எடுப்பா."

எடுத்தாள். ஒப்பந்தமும் கைக்கு வந்தது. செல்வம் அனுப்பிய படத்தை அவ்வப்போது பார்க்கிறேன். செயின் கவர்களுக்கு நடுவே ஆணியில் கடிதம் தொங்குகிறது. கீழே அனுப்பியவனாக என் கையெழுத்து. மேலே பெறுநர் முகவரியில் இருக்கும் கதவு எண், என் பெயர் இன்னும் நீக்கப்படாத ரேஷன் கார்டில் இருக்கும் அதே எண்.