பாசேஜில் பெய்த மழை

ஈப்போவில் எனக்கொரு நகலெடுக்கும் கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு இயந்திரம், அதில் ஒன்று பெரும்பாலும் படுத்துக் கிடக்கும். மாடியில் ஒரு டியூஷன் சென்டர். அவர்கள் புண்ணியத்தில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. போன வாரம் அங்கிருந்து ஒரு தாள் வந்தது. ஆங்கிலக் கருத்துணர்தல் கேள்விக்கு நாலில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் உத்திகள். நகலெடுக்க வரும் எதையும் நான் படிப்பதில்லை, படித்தால் பிழைப்பு ஓடாது. ஆனால் ஒரு வரியைத் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். உனக்குத் தெரிந்ததைக் கொண்டுவராதே, பத்தியில் இருப்பதை மட்டும் பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைக் கோணலாக வைத்துத் தொலைத்தேன், கட்டு முழுவதும் சாய்ந்து வந்தது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு ஒரு டியூஷன் தாள்மேல் இத்தனை கோபமா என்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

இந்த இயந்திரத்துத் தாள் சூடாக இருக்கும், மணம் இருக்காது. நாங்கள் படித்த காலத்து சைக்ளோஸ்டைல் தாளுக்கு மணம் உண்டு, மண்ணெண்ணெயும் மையும் கலந்த மாதிரி. தேர்வுத்தாள் கைக்கு வந்ததும் வகுப்பே அதை மூக்கில் வைத்துப் பார்க்கும். பீடோரில் பள்ளிக்கூடம். சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் போய் வரும் பிள்ளைகள் நாங்கள் கொஞ்சம் பேர். எங்கள் சட்டையில் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றம் இருக்கும், என்ன சோப்பு போட்டாலும் போகாது. தாளின் வாடை அதைச் சற்று நேரம் மறைக்கும் என்பதால் எனக்குத் தேர்வு பிடிக்கும். மற்றபடி தேர்வுக்கும் எனக்கும் ஆகாது.

ஆங்கில டீச்சர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் நல்ல உத்தியோகம் பார்த்தவர். சேலை மடிப்புக் கலையாமல் வருவார். அவர் சொல்லிக்கொடுத்த உத்திகளில் குறை சொல்ல முடியாது. "முதல்ல கேள்வியைப் படியுங்கோ, பிறகுதான் பாசேஜ்" என்பார். 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துப் பேசும் விடையைச் சந்தேகப்படு. இரண்டு விடை ஒரே பொருளைச் சொன்னால் இரண்டையும் தள்ளு. சொல்லுக்குப் பொருள் தெரியவில்லையா, ஒவ்வொரு விடையாக அந்த இடத்தில் வைத்து வாசித்துப் பார். ஒன்றுமே தெரியாவிட்டாலும் வெறுமனே விட்டுவிடாதே. இந்தக் கடைசி உத்தியை மட்டும் நான் சிரமேற்கொண்டு கடைப்பிடித்தேன்.

தவமணி அப்படியில்லை. எங்கள் லயத்து வரிசையில் நாலு வீடு தள்ளி இருந்தவள். டீச்சர் சொன்ன அத்தனையும் அவளுக்குக் கைவந்துவிட்டது. பனிச்சறுக்கு, லண்டனில் ஏதோ மியூசியம், ஒரு மாமாவின் ஆட்டுப்பண்ணை என்று எந்தப் பாசேஜ் வந்தாலும் முழு மதிப்பெண் வாங்குவாள். தம்பி பத்து காஜா நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அம்மாவுக்குத் துணையாகப் போயிருந்தாள். திரும்பி வந்ததிலிருந்து மிஸ்ஸியாகத்தான் ஆவேன் என்று நின்றாள். எங்கள் பக்கத்தில் நர்ஸை மிஸ்ஸி என்போம். அதற்கு மூன்றாம் படிவத்தில், மதிப்பெண்படி பிரிக்கும் வகுப்புகளில் முதல் வகுப்புக்குப் போக வேண்டும். இரண்டாம் படிவ ஆண்டிறுதித் தேர்வில் ஆங்கிலம் சறுக்கினால் கடைசி வகுப்பு. கடைசி வகுப்பில் விழுந்தவர் எழுந்ததாகச் சரித்திரம் கிடையாது.

அந்தத் தேர்வில் வந்த பாசேஜ் ரப்பர் தோட்டத்தைப் பற்றியது. தாளைப் பார்த்ததும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். நம்ம கதை, அல்வா மாதிரி என்று நினைத்தோம். படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது. அதில் பாலுக்கு மரம் சீவுகிறவர், சூரியன் உதித்தபின் பசியாறிவிட்டு, பாடிக்கொண்டே வேலைக்குப் போகிறார். அவர் பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் மரநிழலில் விளையாடுகிறார்கள். மழை பெய்தால் குடும்பத்தோடு வீட்டில் ஓய்வெடுக்கலாம் என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். தோட்டத்து வாழ்க்கை அமைதியானது என்று முடித்திருந்தார் எழுதிய புண்ணியவான். மழை பெய்தால் அவர்கள் மனநிலை என்ன? மகிழ்ச்சி, வருத்தம், அச்சம், சலிப்பு.

விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து நின்றால்தான் எங்கள் வீடுகளில் அன்றைக்கு வேலை. பட்டை நனைந்துவிட்டால் கத்தி வைக்க முடியாது. வெட்டிய பிறகு மழை கொட்டினால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் நிறைந்த பால் தண்ணீரோடு போய்விடும். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் கஞ்சி, தவமணி வீட்டில் அதுவும் ஒரு வேளைதான். அவள் எனக்கு முன்வரிசையில் பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு 'வருத்தம்' என்று போட்டாள். அந்தப் பாசேஜின் மற்ற கேள்விகளுக்கும் தோட்டத்தில் கண்டதையே போட்டாள். நானும் அதையே போட்டேன். எனக்கு இழக்க ஒன்றுமில்லை, கடைசி வகுப்பில் எனக்கு நாற்காலி எப்போதோ தயார்.

லாரியில் திரும்பும்போது அவள் சொன்னாள். "மழ பேஞ்சா சந்தோசமாம்லா. எங்கம்மாகிட்டப் போயி சொல்லிப் பாரு, அகப்பையாலயே போடும்."

பட்டணத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தப் பாசேஜில் முழு மதிப்பெண். அவர்களில் ஒருவன் தேர்வுக்கு முதல்நாள்தான் என்னிடம், ரப்பர் அந்த மரத்தில் காயா பழமா என்று கேட்டவன். தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் தோற்றோம். பனியைப் பற்றி வந்தபோதெல்லாம் ஜெயித்தவள், எங்களைப் பற்றி வந்தபோது விழுந்தாள். முதல் வகுப்பு அந்த ஒரு பாசேஜில் போய்விட்டது.

அவள் அப்பா வெள்ளையண்ணன் பால் நிறுத்துப் போட்ட கையோடு, உடுப்பு மாற்றாமல் பள்ளிக்கு வந்தார். நானும் தவமணியும் வாசலில் நின்றோம்.

"டீச்சர், மழ பேஞ்சா எங்களுக்கு வேலயே இல்லீங்களே. அதுல என்னாங்க சந்தோசம்?"

டீச்சர் அவரை உட்காரச் சொன்னார். முகத்தைச் சுளிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "அது எனக்கும் தெரியும், ஐயா. ஆனால் கேள்வி அது இல்லை. பாசேஜில என்ன கிடக்கோ அதைத்தான் போட வேணும். தனக்குத் தெரிஞ்சதைப் போட்டால் மார்க் இல்லை."

 வெள்ளையண்ணன் மகள் பக்கம் திரும்பினார். "அவங்க கேக்கறதப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான புள்ள. ஒனக்கு எதுக்கு இந்த வேல?"

தெரியும் என்றார் பாருங்கள் டீச்சர், அதுதான் இன்றுவரை என் வயிற்றை எரிக்கிறது. தெரியாதவர் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பொய் என்று தெரிந்தே தாளில் அடித்து, பொய் என்று தெரிந்தே திருத்தி, மெய்யைப் போட்ட பிள்ளைக்கு முட்டை போட்டார். உத்தி தப்பில்லை ஐயா. படித்ததைப் படித்தபடி புரிந்துகொள்வது பெரிய வித்தைதான், என் மகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் இது பொய் என்று போட, பாசேஜ் எழுதியவன் அந்த நாலு விடையில் ஒரு இடமாவது வைத்தானா? பட்டணத்துப் பிள்ளைக்கு அது வெறும் பாசேஜ். எங்களுக்கு, பெற்றவர்களைப் பொய்யராக்கினால்தான் மதிப்பெண்.

கடைசி வகுப்பில் வாத்தியார்கள் நாளேடு படிக்க வருவார்கள். நாங்களும் அவர்களைத் தொந்தரவு செய்ததில்லை. தவமணி மூன்றாம் படிவத்தோடு நின்று, மரங்களுக்கு உரம் போடப் போனாள். பிறகு கையுறைத் தொழிற்சாலை. சில வருடங்களுக்கு முன் பத்து காஜாவில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பேத்தி எடுத்துவிட்டாள். அந்த மழைக் கேள்வி நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "எந்தக் கேள்வி?" என்றாள். நான் சொல்லச் சொல்ல வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். "அட விடுங்க. எனக்குப் படிப்பு ஏறல, அவ்வளவுதான்" என்றாள். சோற்றில் கை வைக்க முடியவில்லை எனக்கு. தான் படிப்பு ஏறாதவள் என்று அவளே நம்பும்படி செய்துவிட்டார்கள்.

தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தார்கள், லயத்தை இடித்தார்கள். பெரட்டுக்கு நின்ற திடலில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் நிற்கின்றன.

அந்தச் சாய்ந்த கட்டைக் கிழித்துப் போட்ட அன்று மாலை, மகள் கடைக்கு வந்தாள். இரண்டாம் படிவம். பழைய பாசேஜ் எனக்கு மனப்பாடம். அதை அவளிடம் அப்படியே சொல்லி, மழை பெய்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"சந்தோசம்பா" என்றாள், போனிலிருந்து தலையை எடுக்காமல். மற்ற கேள்விகளையும் கேட்டேன். எல்லாம் சரி.

"மழ பேஞ்சா மரம் சீவ முடியாதேம்மா. அன்னிக்கு சம்பளம் கெடையாது. அதுல என்ன சந்தோசம்?"

"அது பாசேஜ்ல இல்லையேப்பா."

முழு மதிப்பெண். அந்தக் கேள்விக்குத் தப்பாக விடை போடத் தெரிந்த ஒரு பிள்ளைகூட இனி அந்தப் பக்கத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரப்போவதில்லை.