கமர் நிஷாவின் மூக்கு

கவரைப்பேட்டையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த அசன் முகைதீனுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வாசனையே தெரியாமல் போய்விட்டது. பிரியாணிகூட வெறும் சூடாகத்தான் இருந்தது. டிவிக்குள் சூடேறித் தீயும் பாகத்தை மோந்து கண்டுபிடிக்க முடியாததுதான் அவரை அதிகம் வருத்தியது.

2004 வாக்கில் கங்கம்மா என்பவர் ஒரு பழைய டிவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் ஓடியதும் படம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நிற்கும். எதை எதையோ மாற்றிப் பார்த்தும் கோடு போகவில்லை. மத்தியானம் சோறு கொண்டுவந்த மனைவி கமர் நிஷா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாங்க, எதுவோ தீயுதே!"

"எங்கேர்ந்து வருது? கிட்ட வந்து பாரு. கைய மட்டும் உள்ள வுட்டுடாத."

அவர் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "அதோ, தகடு மாட்டிக்கினு கருப்பா நிக்குதே, அதுதான்."

அசன் டிவியை அணைத்து, அந்தக் கருப்பு ஐசியை ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றிக் குளிரவைத்தார். ஈரம் காய்ந்ததும் மறுபடி போட்டார். கோடு விரிந்து படமானது; கோளாறு அந்த ஐசியில்தான். புது ஐசி மாட்டிய பிறகு சாயங்காலம்வரை ஓடியும் படம் சுருங்கவில்லை.

"நாளைக்கும் வந்துடு நிஷா."

"தெனமும் சோறு எடுத்துக்கினு வரேன்ல?"

"சோத்துக்குச் சொல்லல."

கமர் நிஷா சிரித்தார். மறுநாள் கடையில் அவருக்கென்று ஒரு புது ஸ்டூல் கிடந்தது.