எந்த மைன் தங்கம்?

காலை ஐந்து ஐம்பது. எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ரயில் நிலையத்தில் முதலில் கண்ணில் பட்டது சயனைட் மேடு, தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண். மற்றதெல்லாம் இன்னும் இருட்டில் இருந்தது.

அன்று பெங்களூரில் என் ஆய்வேட்டின் கடைசிப் பரிசீலனை. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைப் பற்றிய ஏடு. அவற்றில் ஒட்டிய தங்கத்தை வெட்டியவர்களைப் பற்றிய மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் பட்டம் உறுதி என்று வழிகாட்டி முந்தின நாள் சொல்லியிருந்தார். ரயிலில் தினமும் பக்கத்தில் உட்காரும் வங்கி ஊழியரிடம் இதைச் சொன்னேன்.

"எடுத்துட்டுப் போக்கா."

"முடியாது."

"இன்னாக்கா நீ? ஐநூறு வருசம் முன்னாடி செத்தவனுக்கு இப்போ யூனியன் வெக்கிறியா?"

"ஆமா. சந்தா குடு."

அந்த அத்தியாயம் ஒரு தவறில் தொடங்கியது. எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி, "எந்த மைன்?" நந்திதுர்க்கா, பாலகாட்டா என்று அவர் குடும்பம் வேலை பார்த்த சுரங்கம் தெரிந்தால்தான் பேச்சு நகரும். மைன் மூடிய பிறகும் இந்தக் கேள்வி ஓயவில்லை. முதலாண்டு வகுப்பில், மாதாவைச் சுற்றித் தங்கத்தகடு ஒட்டிய ஓவியம் ஒன்றைத் திரையில் காட்டினார்கள். "இது எந்த மைன் தங்கம்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. வரைந்தது யார், வரையச் சொன்னது யார் என்றுதான் அங்கே கேட்பார்கள். ஆனால் இன்று அந்தத் துறைக்குள்ளேயே சண்டை நடக்கிறது: மறுமலர்ச்சி சில மேதைகளின் கதையா, அல்லது உழைப்பும் சரக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து போன தங்கமும் சேர்ந்த கதையா?

பெங்களூரில் பரிசீலனைக் குழுவின் தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தங்கக் காசை உருக்கித்தான் தகடு அடிச்சாங்க. பல ஊர்த் தங்கம் கலந்துபோச்சு. எந்தச் சுரங்கம்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது சார். முடியாதுன்னுதான் எழுதியிருக்கேன்."

"பதில் இல்லாத கேள்விக்கு எதுக்கு ஒரு அத்தியாயம்?"

"வெட்டினவன் எப்படிக் காணாமப் போனான்னு அதுல இருக்கு சார்."

குழுவில் இருந்த பேராசிரியை சமாதானம் பேசினார். மறுமலர்ச்சி என்ற சொல்லையே பலர் விட்டுவிட்டார்களாம். 'தொடக்க நவீன காலம்' என்று தலைப்பை மாற்றினால் அத்தியாயம் உறுத்தாதாம்.

"வேணாம் மேடம். யாருக்கு மறுமலர்ச்சின்னுதான் கேக்கறேன். அந்தச் சொல்லை மாத்திட்டா கேக்க எதுவும் இருக்காது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பட்டம் தள்ளிப்போகும்."

"போகட்டும் சார்."

மூன்றாம் அத்தியாயம் ஏட்டில் இருக்கிறது. ஒப்புதல் தாளில் தலைவரின் கையெழுத்து இல்லை.